பெட்டி கத்தினால் என்ன செய்வது: ரெய்ட் வன்தட்டுப் பழுதுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண வீட்டுக்கு இப்போது மூன்று நான்கு கமெராக்கள் போகின்றன. மேலே ஒரு ட்ரோனும் சுற்றுகிறது. பொன்னுருக்கலில் தொடங்கிக் கால்மாறும் சடங்கு வரை பிடித்து முடிக்கும்போது சில நூறு கிகாபைட் சேர்ந்துவிடும். மணமக்கள் கனடாவுக்கோ லண்டனுக்கோ பறந்த பிறகும், அல்பம் அச்சாகிக் கைக்குப் போகும்வரை அந்தக் கோப்புகள் ஸ்டூடியோவின் மூலையில் இரையும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்க வேண்டும். நாஸ் என்று சொல்கிறோமே, ஸ்டூடியோவின் கணினிகள் எல்லாம் வலையமைப்பு வழியே கோப்புகளை வைத்தெடுக்கும் அந்தப் பெட்டிதான். உள்ளே நான்கு வன்தட்டுகள், அதாவது ஹார்ட் டிஸ்குகள். அவற்றை ஒரே தொகுதியாகக் கட்டிவைக்கும் முறைதான் ரெய்ட். அவற்றில் ஒன்று என்றோ ஒருநாள் சாகும். அது சாகும் நாளில் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவர் பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமான தம்பியோ தங்கையோதான். இக்கட்டுரை அவர்களுக்கானது.

இப்படியான பெட்டிகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். ஒரு வன்தட்டு செத்ததால் படங்களை இழந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. தட்டு செத்த முதல் அரை மணித்தியாலத்தில் பதறிப்போய்க் கைவைத்து இழந்தவர்களைத்தான் கண்டிருக்கிறேன். ஒருமுறை நானே அந்தக் கூட்டத்தில் சேரப் பார்த்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

உள்ளே நடப்பது என்ன

1988இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். விலை கூடிய ஒரு பெரிய தட்டுக்குப் பதிலாக மலிவான சிறிய தட்டுகள் பலவற்றை ஒன்றாகக் கட்டலாம். தட்டுகள் கூடக்கூடப் பழுதும் கூடும். ஆகவே பழுதைத் தாங்கும் ஏற்பாட்டையும் சேர்த்தே கட்ட வேண்டும் என்றார்கள். ரெய்ட் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது.

ஏற்பாடு எளிது. முதல் தட்டில் 4, இரண்டாவதில் 7, மூன்றாவதில் 2 என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதில் கூட்டுத்தொகையான 13ஐ எழுதிவைக்கிறோம். இரண்டாவது தட்டு செத்தால், 13இலிருந்து 4ஐயும் 2ஐயும் கழித்தால் 7 திரும்ப வந்துவிடும். உண்மையில் நடப்பது கூட்டல் அல்ல, பிட்டுகளை ஒப்பிடும் ஒரு கணக்கு. அந்தக் கூட்டுத்தொகையும் ஒரே தட்டில் இராமல் நான்கிலும் பரவிக் கிடக்கும். ஆனால் தத்துவம் இதுதான். இது ரெய்ட் 5: ஒரு தட்டு போகலாம். ரெய்ட் 6 இப்படி இரண்டு கணக்குகளை வைத்திருக்கிறது: இரண்டு போகலாம். ரெய்ட் 1 அப்படியே கண்ணாடிப் பிரதி: ஒரு தட்டில் உள்ளதெல்லாம் மற்றதிலும் இருக்கும். ரெய்ட் 0இல் எந்தக் காப்பும் இல்லை. ஒன்று போனால் எல்லாம் போயிற்று. யாராவது வேகத்துக்காக ரெய்ட் 0 போட்டு அதில் கலியாண வீடியோவை வைத்திருந்தால் இக்கட்டுரையை மூடிவிட்டு முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.

உங்கள் பெட்டியில் இருப்பது எது என்று இன்றே பார்த்து, ஒரு கடதாசியில் எழுதிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டுங்கள். கத்தும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

கத்தியவுடன்

பெட்டி விட்டுவிட்டு ஒலி எழுப்பும். முகப்பில் ஒரு விளக்கு செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறும். முதலில் ஒலியை நிறுத்துங்கள். அதற்குப் பெட்டியின் மேலாண்மைத் திரையில், அதாவது கணினியில் திறக்கும் அதன் அமைப்புப் பக்கத்தில், ஒரு பொத்தான் இருக்கும். மின்சாரத்தை நிறுத்தித்தான் ஒலியை நிறுத்த வேண்டும் என்பதில்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. "சத்தம் தாங்காமல் வயரைப் பிடுங்கினேன், அண்ணை" என்று என்னிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பழைய தட்டுகளை அணைத்து மறுபடி சுழலவைப்பது அவற்றுக்குக் கடினமான வேலை. ஏற்கெனவே ஒன்றை இழந்து நிற்கும் நேரத்தில் இன்னொன்று எழும்பாமல் போனால் என்ன செய்வீர்கள்?

பிறகு திரையில் உள்ள சொல்லைக் கவனமாக வாசியுங்கள். "டிகிரேடெட்" என்றிருந்தால் காப்பு குறைந்துவிட்டது, ஆனால் கோப்புகள் இருக்கின்றன, வேலை செய்கின்றன என்று பொருள். மூச்சு விடலாம். "க்ராஷ்ட்" என்றோ "ஃபெயில்ட்" என்றோ முழுத் தொகுதிக்கும் எதிரே இருந்தால் காப்பின் எல்லையைத் தாண்டிவிட்டது. அப்போது எதையும் தொடாமல் அனுபவம் உள்ளவரைக் கூப்பிடுங்கள். எதுவானாலும் திரையைக் கைபேசியில் படம் எடுங்கள்: நேரம், தட்டின் இலக்கம், தொடரிலக்கம், தொகுதியின் நிலை. பின்னால் யாரிடம் கேட்டாலும் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

திரை உங்களுக்கு உதவுவதாக நினைத்துச் சில கேள்விகள் கேட்கும். "இனிஷியலைஸ்", "ஃபார்மட்", "புதிய தொகுதி உருவாக்கு" என்ற பொருளில் எது வந்தாலும் தொடாதீர்கள். லினக்ஸில் எம்டிஆட்ம் (mdadm) என்ற ரெய்ட் மென்பொருள் கொண்டு கட்டிய பெட்டியானால், "கிரியேட்" என்ற கட்டளை பழுது பார்ப்பதற்கானது அல்ல; வரிசை சற்று மாறினாலும் பழைய தரவின்மேல் புதுக் கணக்கை எழுதத் தொடங்கிவிடும். இணையத்தில் யாரோ ஒருவருக்கு அது கைகொடுத்தது என்பதற்காக உங்களுக்கும் கைகொடுக்கும் என்றில்லை.

மாற்றுவதற்கு முன் நகல்

புதியவர்கள் தவறவிடும் படி இது. தட்டு செத்ததும் உடனே புதுத் தட்டைப் போட்டு மீளக்கட்ட வேண்டும், அதாவது செத்ததில் இருந்ததை மற்றவற்றிலிருந்து கணக்கிட்டுப் புதியதில் எழுதவைக்க வேண்டும் என்று கை துடிக்கும். ஆனால் மீளக்கட்டும்போது மீதியுள்ள ஒவ்வொரு தட்டும் முதல் அங்குலத்திலிருந்து கடைசி வரை முழுவதும் வாசிக்கப்படும். இரண்டு ஆண்டாக யாரும் திறக்காத கோப்பு கிடக்கும் மூலைகூட வாசிக்கப்படும். அந்த மூன்று தட்டுகளும் செத்ததோடு ஒரே நாளில், ஒரே கடையில், அநேகமாக ஒரே பெட்டியிலிருந்து எடுத்து வாங்கியவை. ஒரே வயது, ஒரே வெக்கை, ஒரே மின்வெட்டு. செத்ததற்குச் சொல்லும் காரணம் எல்லாம் மற்றவற்றுக்கும் பொருந்தும்.

சாதாரண வன்தட்டுகளின் விபரக்குறிப்பில், வாசிக்க முடியாமல் போகும் பிழை 10,00,00,00,00,00,000 பிட்டுக்கு ஒன்றுக்கு மேற்படாது என்று போட்டிருப்பார்கள். ஒரு கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் தொகை அது. கேட்கப் பெரிதாக இருக்கும். பைட்டாக மாற்றிப் பாருங்கள்: 12.5 டெராபைட்தான். நான்கு 4 டெராபைட் தட்டுகள் உள்ள ரெய்ட் 5இல் ஒன்று செத்தால், மீளக்கட்ட வாசிக்க வேண்டியது 12 டெராபைட். தட்டுகள் நடைமுறையில் இந்தக் குறிப்பைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனாலும் வாடிக்கையாளரின் ஒரே பிரதியை அந்த நல்லெண்ணத்தின்மேல் வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஆகவே, வேறெங்கும் இல்லாத கோப்புகளை முதலில் ஒரு வெளித் தட்டுக்கு நகல் எடுங்கள். எல்லாவற்றையும் அல்ல. இன்னும் கையளிக்காத கலியாணங்கள், பூப்புனித நீராட்டு விழாக்கள், கணக்குக் கோப்புகள் முதலில். முடித்துக் கையளித்தவை பிறகு. ஒரு முதலாளி, "நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் எடுத்தது இருக்கிறதே, அதை முதலில் எடுப்போமா?" என்றார். அடுத்த ஆண்டும் தேர் ஓடும், அந்தப் பிள்ளையின் தாலிகட்டு இன்னொருமுறை நடக்காது என்றேன். சிரித்தார், ஆனால் வரிசையை மாற்றினார்.

உண்மையிலேயே செத்ததா

சில வேளைகளில் குற்றவாளி தட்டு அல்ல. வன்தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கும். அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். நீண்ட பட்டியலாக வரும், பயப்பட வேண்டாம், நான்கு வரிகளைப் பார்த்தால் போதும். 5ஆம் இலக்கம்: பழுதான இடங்களுக்குப் பதிலாக ஒதுக்கு இடம் கொடுத்த எண்ணிக்கை. 197: வாசிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் இடங்கள். 198: முயன்றும் திருத்த முடியாதவை. இந்த மூன்றும் பூச்சியமாக இருக்க வேண்டும். கிழமைக்குக் கிழமை ஏறினால் தட்டு போய்க்கொண்டிருக்கிறது. நான்காவது 199: இது தட்டின் குற்றம் அல்ல, தட்டுக்கும் கணினியின் தாய்ப்பலகைக்கும் இடையே தரவு சிதைந்த எண்ணிக்கை. இது மட்டும் ஏறி மற்ற மூன்றும் பூச்சியமாக இருந்தால் வயரையோ இணைப்பையோ சந்தேகியுங்கள்.

கடற்கரைப் பக்கத்து ஸ்டூடியோக்களில் 199 ஏறுவதை அடிக்கடி காண்கிறேன். உப்புக்காற்று இணைப்புகளின் உலோகத்தைத் தின்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் புழுதி வேறு. ஒருமுறை மின்வழங்கியைத் திறந்தபோது உள்ளே பல்லி ஒன்று காய்ந்து கிடந்தது. நாங்கள் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த தட்டு இன்றும் ஓடுகிறது.

சரியான தட்டைக் கழற்றுதல்

இங்கே கொஞ்சம் நிற்போம். நான் சறுக்கிய இடம் இது.

ஸ்டூடியோவே கட்டிய கணினி அது; லினக்ஸ், நான்கு தட்டுகள், ரெய்ட் 5. திரையில் "தட்டு 2 பழுது" என்றிருந்தது. முன்னால் தட்டுகளைத் தாங்கும் நான்கு ட்ரேக்கள். மேலிருந்து எண்ணினேன்: ஒன்று, இரண்டு. இரண்டாவதைப் பிடித்து இழுத்தேன். திரை முழுவதும் பிழைச் செய்தி ஓடியது. மென்பொருள் பூச்சியத்திலிருந்து எண்ணியிருக்கிறது. அதற்கு 2 என்றால் எனக்கு மூன்றாவது. நல்ல தட்டு என் கையில் இருக்கிறது, உள்ளங்கையில் இன்னும் சுழல்வது தெரிகிறது. முதலாளி பிளேன்ரீக் கோப்பையோடு என் பின்னால் நிற்கிறார். "முடிந்ததா, தம்பி?" என்று கேட்டார். எதைக் கேட்கிறார் என்று எனக்கே விளங்கவில்லை.

தப்பியதற்குக் காரணம், அந்த நேரம் யாரும் பெட்டியில் எதையும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. தட்டைத் திரும்ப அதே இடத்தில் போட்டு, முறைப்படி நிறுத்தி, மூன்று நல்ல தட்டுகளையும் கொண்டு கட்டாய ஒன்றுசேர்ப்பு என்ற வழியில் தொகுதியை எழுப்பினேன். ஒவ்வொரு தட்டிலும், தொகுதியில் மாற்றம் நடக்க நடக்க ஏறும் ஒரு நிகழ்வு எண் இருக்கும். மூன்றிலும் அது மிக நெருங்கியிருந்ததால் மென்பொருள் ஏற்றுக்கொண்டது. யாராவது ஒரு வீடியோவை ஏற்றிக்கொண்டிருந்த வேளையாக இருந்திருந்தால் இப்படி இலகுவாக முடிந்திராது.

அன்றிலிருந்து நான் எண்ணுவதே இல்லை. தொடரிலக்கத்தை மட்டும் நம்புகிறேன். பெட்டியைக் கட்டும் நாளிலேயே ஒவ்வொரு தட்டின் தொடரிலக்கத்திலும் கடைசி நான்கு எழுத்துகளை வெள்ளை நாடாவில் எழுதி ட்ரேயின் முகத்தில் ஒட்டிவிடுங்கள். கட்டியபோது ஒட்டாமல் விட்டிருந்தால், பழுதான தட்டின் தொடரிலக்கத்தைத் திரையில் பார்த்து, பெட்டியில் "இடங்காட்டு" விளக்கு வசதி இருந்தால் அதை எரியவிட்டு உறுதிசெய்யுங்கள். அந்த வசதியும் இல்லை, பெட்டியும் உங்களுக்குப் பழக்கமில்லை என்றால், நகல் எடுத்து முடித்த பிறகு முறைப்படி அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து ஒட்டுத்தாளை வாசியுங்கள். அணைப்பதில் ஆபத்து உண்டு என்று மேலே சொன்னேன்தான். தவறான தட்டை இழுப்பது அதைவிட மோசம்.

ஓடும்போதே மாற்றக்கூடிய பெட்டியானால், தட்டை முழுதாக உருவாதீர்கள். கொளுவியைத் திறந்து ஒரு விரல் அளவு வெளியே இழுத்து, அரை நிமிடம் பொறுங்கள். உள்ளே சுழல்வது நின்ற பிறகு எடுங்கள்.

புதுத் தட்டு வாங்குதல்

கொள்ளளவு பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும். ஒரு மெகாபைட் குறைந்தாலும் பெட்டி ஏற்காது. நாஸுக்கென்று செய்த தட்டாக வாங்குங்கள். இது விற்பனைத் தந்திரம் மட்டும் அல்ல. சாதாரண மேசைக்கணினித் தட்டு வாசிக்க முடியாத இடத்தில் முட்டினால் ஒரு நிமிடத்துக்கு மேலும் விடாப்பிடியாக முயன்றுகொண்டிருக்கலாம். அதற்குள் பெட்டி அது செத்துவிட்டது என்று முடிவுகட்டித் தொகுதியிலிருந்து வெளியேற்றிவிடும். நாஸ் தட்டு பொதுவாக 7 விநாடியில் "முடியவில்லை" என்று சொல்லிவிடும். மற்றத் தட்டுகளைக் கொண்டு பெட்டி அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

இன்னொன்று, எஸ்எம்ஆர் வகைத் தட்டுகளைத் தவிருங்கள். நம் ஓட்டுக்கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதுபோல் இவற்றில் தரவுத் தடங்கள் ஏறிக் கிடக்கும். ஓர் ஓட்டை மாற்ற மேலே கிடப்பவற்றையும் கிளப்ப வேண்டும் அல்லவா? அதே தொல்லை. மீளக்கட்டும் நீண்ட எழுத்து வேலையில் இவை தவழத் தொடங்கிவிடும். நாஸுக்கென்று விற்ற சில தட்டுகளும் இந்த வகைதான் என்பதை வெஸ்டேர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2020இல் ஒப்புக்கொண்டது. ஆகவே மாதிரி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை என்று தயாரிப்பாளரின் தாளில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

நம் ஊரில் தேவையான மாதிரி அன்றே கிடைப்பது அதிர்ஷ்டம். பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் யாரையாவது வாங்கச் சொல்லி இரவு பஸ்ஸில் பார்சலாக எடுப்பதுதான் பலர் வழக்கம். அப்படி வரும்போது குமிழ்த்தாள் சுற்றி, பெட்டிக்குள் ஆடாமல் கட்டச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டும் உத்தரவாத அட்டையும் கூடவே வர வேண்டும். வந்ததும் ஸ்மார்ட்டில் 9ஆம் வரியைப் பாருங்கள்: ஓடிய மணித்தியாலங்கள். புதுத் தட்டில் அது பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் உங்களுக்கு யாரோ பாவித்ததை விற்றிருக்கிறார்கள். இரண்டாவது முறை அலைய விருப்பம் இல்லாவிட்டால், பெட்டி ஒன்றுக்கு ஒரு தட்டு முன்கூட்டியே வாங்கி அலுமாரியில் வைத்திருங்கள். நான் இதையே எல்லா முதலாளிகளுக்கும் சொல்கிறேன். பாதிப்பேர் முதல் பழுதுக்குப் பிறகுதான் கேட்கிறார்கள்.

மீளக்கட்டும் இரவு

தட்டைப் போட்டு, "ரிப்பெயர்" என்பதை அழுத்தி, புதுத் தட்டின் தொடரிலக்கத்தைத் தெரிவுசெய்யுங்கள். அந்தத் தட்டில் உள்ளவை அழியும் என்று எச்சரிக்கும். அது புதுத் தட்டைத்தான் சொல்கிறது என்பதை இலக்கத்தைப் பார்த்து உறுதிசெய்த பிறகே சம்மதியுங்கள்.

இனிப் பொறுமை. 4 டெராபைட் தட்டை விநாடிக்கு 150 மெகாபைட் வீதம் எழுதினால் ஏறக்குறைய ஏழரை மணித்தியாலம். அதே நேரம் யாராவது எடிட் செய்துகொண்டிருந்தால் நாள் கணக்கில் இழுக்கும். ஆகவே மாலையில் தொடங்கி, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கதவைப் பூட்டிக் குளிரூட்டியை நிறுத்திவிட்டுப் போகும் பழக்கம் அன்று மட்டும் வேண்டாம். தட்டின் வெப்பநிலை 45 பாகையைத் தாண்டினால் நான் ஒரு மேசை மின்விசிறியைப் பெட்டிக்கு நேரே திருப்பிவிடுவேன். அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

யூபிஎஸ் இல்லாமல், அதாவது மின்சாரம் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் பற்றரிப் பெட்டி இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களை மறந்திருக்கமாட்டீர்கள். இப்போது அப்படி இல்லைதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு ஐந்து நிமிடம் போய்வருவது போதும். பாதி எழுதியபோது மின்சாரம் போனால் தரவும் கூட்டுக்கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும். யூபிஎஸ்ஸின் பற்றரியைச் சோதிப்பதற்கு அந்த இரவு உகந்ததல்ல, அதை முன்னதாகவே செய்யுங்கள். யூபிஎஸ்ஸிலிருந்து பெட்டிக்கு ஒரு யூஎஸ்பி வயர் போனால், பற்றரி தீரும்முன் பெட்டி தானாக முறைப்படி அணைந்துவிடும். இப்படி இடையில் நின்றால் சில பெட்டிகள் விட்ட இடத்திலிருந்து தொடரும், சில முதலிலிருந்து தொடங்கும். எப்படியும் நீங்கள் ஏதும் செய்ய வேண்டியதில்லை.

நடுவில் இன்னொரு தட்டில் வாசிப்புப் பிழை வந்து வேலை நின்றுவிட்டதா? மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். முன்பே நகல் எடுத்திருந்தால் கவலை இல்லை: தொகுதியை அழித்துப் புதிதாகக் கட்டி, நகலைத் திருப்பி ஏற்றலாம். எடுக்காமல் விட்டிருந்தால் பெட்டியை அணைத்து, நிபுணரிடம் கொண்டுபோகும் நேரம் வந்துவிட்டது.

விடிந்த பிறகு

நிலை "நோர்மல்" என்று வந்ததும் தொகுதி முழுவதையும் ஒருமுறை சரிபார்க்கும் வேலையை ஓடவிடுங்கள்; ஸ்க்ரப் என்று திரையில் இருக்கும். அதை மாதம் ஒருமுறை தானாக நடக்கும்படி அமைத்தும் விடுங்கள். யாரும் தொடாத மூலைகளில் ஊறும் பழுதை, தட்டு எல்லாம் நலமாக இருக்கும் காலத்திலேயே கண்டுபிடிக்க இதைவிட வழி இல்லை. மின்னஞ்சல் எச்சரிக்கையையும் இயக்குங்கள், ஒரு சோதனை மடல் அனுப்பிப் பாருங்கள். முதலாளியின் மறந்துபோன பழைய முகவரிக்கு மூன்று மாதமாக எச்சரிக்கை போய்க்கொண்டிருந்த ஒரு பெட்டியை நான் கண்டிருக்கிறேன்.

ரெய்ட் தட்டின் சாவுக்கு மட்டுமே மருந்து. கை தவறி அழித்த கோப்பை அது நான்கு தட்டிலும் ஒழுங்காக அழித்துவிடும். பணயத்தொகை கேட்கும் வைரஸ் வந்தாலும், இடி விழுந்தாலும், நெருப்புப் பிடித்தாலும் பெட்டிக்குள் இருக்கும் நான்கும் ஒன்றாகவே போகும். 1981இல் எரிந்த நூலகத்தைத் தினமும் கடந்துபோகும் ஊரில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இன்னொரு பிரதி இன்னொரு கூரையின் கீழ் இருக்க வேண்டும். கையளிக்காத வேலைகள் உள்ள ஒரு வெளித் தட்டை முதலாளி இரவு வீட்டுக்கு எடுத்துப்போனால்கூடப் போதும்.

கடைசியாக, செத்த தட்டு. உத்தரவாதம் இருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். ஆனால் அதில் யாரோ ஒருவர் வீட்டுப் பெண்பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன. ரெய்ட் 5இல் ஒரு தட்டிலிருந்து முழுக் கோப்பு கிடைப்பது கடினம்தான், ரெய்ட் 1இல் எல்லாமே கிடைக்கும். பெட்டி அத்தட்டை இன்னும் அடையாளம் கண்டால் முழுவதும் அழித்துவிட்டுக் கொடுங்கள். அடையாளம் காணாவிட்டால், உத்தரவாதத்தை விட்டுவிட்டுத் துளைகருவியால் நான்கைந்து துளை போடச் சொல்வேன். மேசைக்கணினியின் 3.5 அங்குலத் தட்டுகளில் உள்ளே இருப்பது பெரும்பாலும் அலுமினியம், சுலபமாகத் துளைபடும். மடிகணினியின் 2.5 அங்குலத் தட்டுகளில் பெரும்பாலும் கண்ணாடி. நொறுங்கிப் பறக்கும், கண்ணுக்குக் காப்பு போடாமல் தொடாதீர்கள்.

பிறகு பெட்டியில் நூல் கட்டித் தொங்கும் கொப்பியை எடுத்து எழுதுங்கள்: திகதி, போனதன் தொடரிலக்கம், வந்ததன் தொடரிலக்கம், எந்த ட்ரே, எத்தனை மணித்தியாலம் எடுத்தது. வெள்ளை நாடாவில் புது நான்கு எழுத்துகளை எழுதி அந்த ட்ரேயில் ஒட்டுங்கள். அலுமாரியில் இருந்த தட்டைப் போட்டிருந்தால், அடுத்ததற்கு இன்றே சொல்லிவையுங்கள்.